கீச்சு, கிறீச், உர்ர்: பழைய காரின் பெல்ட் என்ன சொல்லுது?



இந்தக் கிழமை எபிசோட்டில ஓபிடி ஸ்கேனரைப் பற்றிக் கதைச்சம். ஒரு சின்ன புளூடூத் டொங்கிளை ஸ்டியரிங்குக்குக் கீழே குத்தினால், கார் தன்ர வருத்தத்தை நேரா ஃபோனுக்கே சொல்லும் எண்டு முடிச்சிருந்தன். எபிசோட் வந்த அண்டைக்கே ஒருத்தர் எழுதியிருந்தார்: "அண்ணா, அம்மாட கொரோலாவில காலமையில கீச்சு கீச்சு எண்டு சத்தம். ஸ்கேனரில ஒரு கோட்டும் இல்லை. அப்ப பிரச்சினை இல்லைத்தானே?"

பிரச்சினை இருக்கு. கோட் தான் இல்லை. காரின் கொம்பியூட்டருக்கு சென்சர் இருக்கிற இடம் மட்டும்தான் தெரியும். நொக் சென்சர் எண்டு ஒரு காது மாதிரி சாமான் இருக்கு, ஆனால் அது இன்ஜினுக்குள்ள எரிபொருள் பிழையான நேரத்தில வெடிக்குதா எண்டு மட்டும்தான் கேக்கும். வெளியில ஓடுற ஒரு ரப்பர் பட்டி கத்துறது அதுக்குக் கேக்காது. அதைக் கேக்க வேண்டியது நீங்கள்.

இந்த விசயத்தில எனக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை. எங்கட அம்மா ஓட்டுறது 2005 கொரோலா. ஸ்காபரோவில இருந்து இரவு வேலைக்கு 401 இல போறா. ஜனவரியில மைனஸ் இருபதில, இரவு பதினொரு மணிக்கு, நடு லேனில அந்த பெல்ட் அறுந்தால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். உங்கள்ல கன பேருக்கும் இதே மாதிரி ஒரு காரும் அதை ஓட்டுற ஒரு ஆளும் வீட்டில இருப்பினம். வீட்டு வைஃபை, அப்பாட ஃபோன், வரி ஃபைல் பண்ணுறது எல்லாம் உங்கட தலையிலதான் இருக்கும். கராஜில போய்க் கதைக்கிறதும் இப்ப உங்கட தலையிலதான்.

முதல்ல, அந்த பெல்ட் என்ன செய்யுது எண்டு பாப்பம். இன்ஜினின் பக்கத்தில, கிராங்க் ஷாஃப்டின் முனையில ஒரு பெரிய கப்பி இருக்கு. (ஆங்கிலச் சொல்லைத் தமிழில எழுதினால் காட்டு மிருகம் ஒண்டு பொனட்டுக்குள்ள ஓடுற மாதிரி வரும். அதால கிணத்தடிச் சொல்லான கப்பியே இருக்கட்டும்.) அந்தக் கப்பி சுத்த, பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போற ஒரே ஒரு நீளப் பட்டி மற்ற எல்லாத்தையும் சுத்துது. எங்கட கொரோலாவில ஆல்டர்னேட்டர், ஏசி கொம்பிரசர், பவர் ஸ்டியரிங் பம்ப், தண்ணி பம்ப் நாலும் இந்த ஒரு பெல்ட்டில தொங்குது. பட்டியை எப்பவும் இறுக்கமா வைச்சிருக்க டென்ஷனர் எண்டு ஒரு கை, அதின்ர நுனியில இன்னொரு கப்பி.

இதை டைமிங் பெல்ட்டோட குழப்பாதேங்கோ. அது இன்ஜினுக்கு உள்ள வால்வுகளின் நேரத்தைப் பார்க்கிறது. இந்தக் கொரோலாவில அது பெல்ட்டே இல்லை, செயின்.

தண்ணி பம்பும் இதிலதான் ஓடுது எண்டதைக் கவனியுங்கோ. பட்டி போனால் முதல்ல பற்றரி லைட் எரியும். அடுத்த நிமிசம் ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகும். இந்த இரண்டையும் சமாளிச்சு "வீட்டை போய்ச் சேர்ந்திடலாம்" எண்டு எங்கட ஆக்கள் ஓட்டுவினம். அதுக்குள்ள தண்ணி சுத்தாமல் இன்ஜின் கொதிச்சு, அலுமினிய ஹெட் வளைஞ்சிடும். அந்தக் காரின் வயசுக்கு அது சாவுதான். பற்றரி லைட்டும் ஸ்டியரிங் இறுக்கமும் ஒண்டாக வந்தால், பாதுகாப்பா ஓரம் கட்டி நிப்பாட்டி டோ கூப்பிடச் சொல்லி இப்பவே வீட்டில சொல்லி வையுங்கோ.

சரி, சத்தத்துக்கு வருவம்.

ஆங்கில வீடியோக்களில இந்தச் சத்தங்களுக்கு ரண்டு மூண்டு சொல் வைச்சு, பிறகு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிப் பாவிப்பினம். தமிழில எங்களுக்கு இதில ஒரு வசதி இருக்கு. சத்தத்தையே சொல்லாக்கி வைச்சிருக்கிறம். அம்மாவையோ அப்பாவையோ, "என்ன சத்தம்?" எண்டு கேக்காமல், "சத்தத்தைச் செய்து காட்டுங்கோ" எண்டு கேட்டுப் பாருங்கோ. அவை சொல்லுறது அநேகமா மூண்டு குடும்பத்துக்குள்ள வரும்.

"கீச்சு, கீச்சு, கீச்சு" எண்டு குருவி மாதிரி விட்டு விட்டு வந்தால், பட்டி கப்பியில நேரா உக்காரேல்லை. ஏதோ ஒரு கப்பி சாய்ஞ்சிருக்கு, அல்லது ஆடுது. "கிறீ...ச்" எண்டு நீட்டி, பெரிசா வந்தால் பட்டி வழுக்குது. இறுக்கம் காணாது, அல்லது பட்டி தேய்ஞ்சிட்டுது, அல்லது எதையோ சுத்த அதுக்குப் பலம் காணாமல் இருக்கு. "உர்ர்ர்", "கரகர" எண்டு இடைவிடாமல் வந்து, கேஸ் பெடலை மிதிக்க மிதிக்க கூடினால் அது பட்டியே இல்லை. கப்பிக்குள்ள இருக்கிற பெயரிங். எங்கட அம்மா சொன்னது, "உளுந்து போட முந்தி கிரைண்டர் வெறுமையா ஓடுற மாதிரி" எண்டு. இதைவிட வடிவா ஒரு பெயரிங் போறதை எந்த மனுவலிலும் நான் வாசிக்கேல்லை.

என்ன சத்தம் எண்டதைவிட முக்கியமான கேள்வி, எப்ப வருது எண்டது. காலமை ஸ்டார்ட் பண்ணின உடனே பத்து செக்கன் கிறீச்சிட்டு நிக்குதா? குளிரில ரப்பர் விறைச்சிருக்கும். ஸ்டார்ட்டர் பற்றரியை உறிஞ்சிப் போட்டுது, அதால ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பி நிரப்ப முழுப் பலத்தோட இழுக்கும். தேய்ஞ்ச பட்டி அந்த நேரத்திலதான் வழுக்கும். ஸ்டியரிங்கை கடைசி மட்டும் திருப்பேக்க வருதா? பவர் ஸ்டியரிங் பம்பின் பாரம். ஏசியைப் போட்டவுடனே வருதா? கொம்பிரசர். (குளிர்காலத்தில ஏசி எங்க போடுறது எண்டு நினைக்காதேங்கோ. முன்கண்ணாடிக்குக் காத்து விடுற பட்டனை அமத்தினாலே கன கார்களில கொம்பிரசரும் சேர்ந்து ஓடும்.) மழை நாளில மட்டும் வருதா? எப்பவுமே வருதா? இவ்வளவையும் ஒரு கிழமை ஃபோனில குறிச்சு வைச்சால் பாதி வேலை முடிஞ்சுது.

மீதிப் பாதிக்கு ஒரு தண்ணிப் போத்தல் காணும்.

அதுக்கு முந்தி பாதுகாப்பு. கார் வெளியில நிக்க வேணும். குளிர் எண்டு போட்டு கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓட விடாதேங்கோ, கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. கியர் பார்க்கில, ஹாண்ட் பிரேக் இழுத்து. ஸ்கார்ஃப், ஹூடியின் கயிறு, தொங்குற இயர்ஃபோன், விரிச்ச தலைமயிர் ஒண்டும் பொனட்டுக்குக் கிட்ட வரக்கூடாது. ரேடியேட்டர் ஃபான் தன்ர எண்ணத்துக்கு ஸ்டார்ட் ஆகும். ஓடுற பட்டிக்குக் கிட்ட கை போகவே கூடாது.

இப்ப இன்ஜின் ஓடி, சத்தம் வந்துகொண்டு இருக்கேக்க, வீட்டில செடிக்கு அடிக்கிற ஸ்பிரே போத்தலால, தள்ளி நிண்டு, பட்டியின் வரி இருக்கிற பக்கத்தில கொஞ்சம் தண்ணி அடியுங்கோ. சத்தம் உடனே நிண்டு, சில செக்கனில திரும்பி வந்தால் கப்பி நேரில்லை. தண்ணி ஒரு நிமிசத்துக்கு வழவழப்பைக் குடுத்து, பட்டி பக்கவாட்டில உரஞ்சுறதை அமத்திப் போட்டுது, அவ்வளவுதான். சத்தம் கூடினால் இறுக்கம் காணாது. ஏற்கனவே வழுக்கிற பட்டி தண்ணியில இன்னும் வழுக்குது. ஒண்டுமே மாறாட்டி, பட்டியை விட்டுப் போட்டு பெயரிங்கைத் தேடுங்கோ. காசு இல்லாமல், ஒரு நிமிசத்தில, மூண்டு வழியாப் பிரிச்சுத் தருது. இந்தக் கட்டுரையில ஒண்டை மட்டும் ஞாபகம் வைச்சிருக்கிறதெண்டால் இதை வைச்சிருங்கோ.

தண்ணிக்குப் பதிலா கடையில விக்கிற பெல்ட் ஸ்பிரேயையோ, டபிள்யூ-டி 40 ஐயோ அடிக்காதேங்கோ. சத்தம் நிக்கும், உண்மை. ஆனால் பசை பிடிச்சு தூசியை இழுக்கும், எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும். அதைவிட முக்கியமா, அடுத்து வாற எந்தச் சோதனையையும் நம்ப ஏலாமல் போகும்.

இனி பட்டியை வடிவாப் பாருங்கோ, இன்ஜினை நிப்பாட்டிப் போட்டு. "வெடிப்பு இல்லை, பட்டி நல்லம்" எண்டு மாமாமார் சொல்லுவினம். அது அவை ஓட்டின கார்களுக்குச் சரி. பழைய நியோப்ரீன் பட்டிகள் வயசானால் வெடிக்கும். 2000 களில இருந்து பெரும்பாலும் வாறது ஈபிடிஎம் எண்ட ரப்பர். அது லேசில வெடிக்காது, டயர் மாதிரி தேயும். புதுப் பட்டியில வரிகளுக்கு இடையில இருக்கிற பள்ளம் 'வி' மாதிரி கூரா இருக்கும். தேயத் தேய அது 'யு' மாதிரி அகண்டு, பட்டி கப்பியின் அடியில போய் இருந்திடும். பக்கங்களை நெரிச்சுப் பிடிக்கிற பிடி போயிடும். பாத்தால் கறுப்பா, வழுவழுப்பா, புதுசு மாதிரியே இருக்கும். பட்டியில ஒயில் ஈரம் இருக்கா எண்டும் பாருங்கோ. 2005 கொரோலாவின் இன்ஜினில டைமிங் செயின் டென்ஷனரின் ஓ-ரிங் கசியுறது கன பேருக்குத் தெரிஞ்ச வருத்தம். ஒயில் ஒழுகிக்கொண்டு இருந்தால் புதுப் பட்டி போட்டும் பிரயோசனம் இல்லை.

எங்கட வீட்டுக் காரில நடந்ததைச் சொல்லுறன். கார்த்திகை மாசம் கீச்சுச் சத்தம் தொடங்கிச்சு. ஒரு கராஜில பெல்ட்டை மாத்திக் குடுத்திச்சினம். சத்தம் நிண்டிட்டுது. தை பிறக்க, அம்மா அந்தக் கிரைண்டர் கதையைச் சொன்னா. திருப்பிக் கொண்டு போனால், "ஆல்டர்னேட்டர் போட்டுது" எண்டு 900 டொலருக்கு எஸ்டிமேட். அம்மா சரி எண்டு சொல்ல வெளிக்கிட்டா. நான் ஒரு நாள் டைம் கேட்டன்.

அடுத்த நாள் பின்னேரம் ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர், உள் ஃபான் எல்லாத்தையும் முழுசாப் போட்டுப் பாத்தன். ஆல்டர்னேட்டருக்குப் பாரம் ஏறினதும் சத்தத்தில ஒரு மாற்றமும் இல்லை. ஏசிக்கும் மாறேல்லை, ஸ்டியரிங்குக்கும் மாறேல்லை. தண்ணிக்கும் அசையேல்லை. கேஸை மிதிச்சால் மட்டும் கூடுது. பிறகு மெக்கானிக் ஸ்டெதஸ்கோப். டொக்டர்மாரின்ர மாதிரித்தான், நுனியில மட்டும் நீளமான கம்பி. கனேடியன் டயர் மாதிரி கடைகளில வாங்கலாம். சுத்துற எதிலும் முட்டாமல், ஒவ்வொரு சாமானின் அசையாத உடம்பில மட்டும் வைச்சுக் கேக்க வேணும். ஆல்டர்னேட்டரில வைச்சால் மெல்லிய இரைச்சல். டென்ஷனரின் கையில வைச்சால் காதுக்குள்ள கல்லு அரைக்குது.

உறுதிப்படுத்த கடைசிச் சோதனை, பட்டியைக் கழட்டிறது. முந்தி செய்து பழக்கம் இல்லாட்டி தெரிஞ்ச ஒருத்தரை பக்கத்தில வைச்சிருங்கோ. கழட்ட முந்தி, பட்டி எந்த வழியாப் போகுது எண்டு ஒரு ஃபோட்டோ எடுங்கோ. இந்த ஃபோட்டோ எடுக்காமல் கழட்டிறவை ஒரு பின்னேரம் முழுக்கப் பட்டியோட மல்லுக் கட்டுவினம். பட்டி இல்லாமல் இன்ஜினை அரை நிமிசம் மட்டும் ஓட விடலாம், தண்ணி பம்ப் சுத்தாது எண்டதால அதுக்கு மேல வேண்டாம். சத்தம் போயிட்டுது எண்டால் பட்டியில தொங்கிற ஏதோ ஒண்டுதான். போகாட்டி பிரச்சினை இன்ஜினுக்குள்ள, அது வேற கதை, மெக்கானிக்கிட்ட போங்கோ.

இன்ஜினை நிப்பாட்டி, திறப்பை பொக்கெட்டில போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கப்பியையும் கையால சுத்திப் பாருங்கோ. நல்ல கப்பி சத்தமில்லாமல், கொஞ்சம் பிசுக்கான மாதிரிச் சுத்தி நிக்கும். உள்ளுக்குள்ள கிறீஸ் இருக்கு எண்டு அர்த்தம். கிறீஸ் காய்ஞ்சது ஸ்கேட் போர்ட் சில்லு மாதிரி "ஸ்ஸ்" எண்டு கன நேரம் சுத்தும். ஆக்கள் அதைப் பாத்து "ஆ, நல்லா ஓடுது" எண்டு ஏமாறுறது இங்கதான். பிறகு கப்பியைப் பிடிச்சு முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டுங்கோ, ஆட்டம் இருக்கக்கூடாது. எங்கட டென்ஷனர் கப்பி மணல் போட்ட மாதிரி கரகரத்துது. ஆட்டமும் இருந்துது.

அப்பதான் கார்த்திகைச் சத்தமும் விளங்கிச்சு. பெயரிங் அப்பவே தேயத் தொடங்கி, கப்பி சாய்ஞ்சு, பட்டி கீச்சிட்டிருக்கு. புதுப் பட்டி அந்தச் சாய்வை கொஞ்ச நாள் தாங்கிச்சு. கத்தினது பட்டி, வருத்தம் கப்பிக்கு. 900 டொலர் ஆல்டர்னேட்டரை மாத்தியிருந்தால் அந்தக் கப்பி அங்கேயே இருந்திருக்கும், அம்மா அதோட 401 இல போயிருப்பா. டென்ஷனர் கப்பி ஐம்பது டொலருக்குள்ள வந்தது. வேறொரு கராஜில ஒரு மணித்தியாலக் கூலிக்குப் பூட்டித் தந்திச்சினம்.

இப்ப டெக் ஆக்களுக்கான பகுதி, எனக்குப் பிடிச்ச பகுதியும். கீச்சுச் சத்தத்தை எண்ணலாம். ஒரு கணக்குக்கு, கிராங்க் கப்பி 14 சென்ரிமீற்றர் விட்டம், பட்டி 2 மீற்றர் நீளம் எண்டு வைப்பம். கப்பி ஒருக்கா சுத்தினால் பட்டி 44 சென்ரிமீற்றர் நகரும். அப்ப பட்டி ஒரு முழுச் சுற்றுப் போக, கப்பி நாலரைத் தரம் சுத்த வேணும். ஐடிலில 700 ஆர்பிஎம் எண்டால் கிராங்க் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 12 தரம், பட்டி இரண்டரைத் தரம். 5.5 சென்ரிமீற்றர் ஆல்டர்னேட்டர் கப்பி 30 தரம்.

ஃபோனில சத்தத்தை ரெக்கோட் பண்ணி, ஏதாவது ஓடியோ எடிட்டரில அலை வடிவத்தைப் பாருங்கோ. செக்கனுக்கு இரண்டு மூண்டு முள்ளு மட்டும் தெரிஞ்சால், பட்டியிலேயே ஒரு இடத்தில பிரச்சினை: ஒரு வரி பிஞ்சிருக்கும், அல்லது கல்லு ஒண்டு புதைஞ்சிருக்கும். பன்னிரண்டு தெரிஞ்சால் கிராங்க் கப்பியை சந்தேகப்படுங்கோ. அதுக்குள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கு, பழசானால் அது பிரிஞ்சு வெளிவட்டம் ஆடும். ஸ்லோமோஷனில 240 ஃபிரேமில வீடியோ எடுத்தால் அந்த ஆட்டம் கண்ணுக்கே தெரியும். டென்ஷனர் கை துள்ளுறதும் தெரியும். அது மெல்ல அசையலாம், படபட எண்டு அடிக்கக்கூடாது. பெயரிங் சத்தம் இப்படி முள்ளு முள்ளா வராது, ஒரு தடிச்ச பட்டையா வந்து ஆர்பிஎம்மோட மேல ஏறும்.

அதே கணக்கில, 401 இல 2,500 ஆர்பிஎம்மில போகேக்க, 7 சென்ரிமீற்றர் டென்ஷனர் கப்பி நிமிசத்துக்கு 5,000 தரம் சுத்துது. கிறீஸ் இல்லாமல்.

கராஜுக்குப் போகேக்க "பெல்ட் மாத்துங்கோ" எண்டு சொல்லாதேங்கோ. அப்படிச் சொன்னால் பெல்ட்டை மட்டும் மாத்தித் தருவினம், அதில அவையின்ர பிழை இல்லை, நீங்கள் கேட்டது அதுதான். இப்படிச் சொல்லுங்கோ: "குளிரிலும் சூட்டிலும் இரையுது, ஆர்பிஎம்மோட கூடுது, ஏசி, ஸ்டியரிங், லைட் எதுக்கும் மாறேல்லை, தண்ணி அடிச்சும் மாறேல்லை. பட்டியைக் கழட்டி கப்பிகளைச் சுத்திப் பாத்துச் சொல்லுங்கோ. மாத்த முந்தி கோல் பண்ணுங்கோ." பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கோ. கையில சுத்திப் பாத்தால் உங்களுக்கே தெரியும்.

காலமை கேள்வி எழுதினவருக்கு: உங்கட சத்தம் கீச்சு எண்டு எழுதியிருக்கிறியள், காலமையில மட்டும் எண்டும் சொல்லுறியள். முதல்ல தண்ணிப் போத்தல். நிண்டு திரும்பி வந்தால் டென்ஷனர் கப்பியில இருந்து தொடங்குங்கோ.

மற்ற ஆக்களும் உங்கட காரின் சத்தத்தை அனுப்பலாம். குளிர் ஸ்டார்ட்டில இருந்து 20 செக்கன், ஃபோனை பொனட்டுக்கு மேல ஒரு கை தூரத்தில பிடிச்சு, ஃபான் நிண்டிருக்கேக்க. காரின் வருசம், எத்தினை கிலோமீற்றர் ஓடினது, வீட்டில அந்தச் சத்தத்துக்கு அம்மா அப்பா வைச்சிருக்கிற பேர், மூண்டையும் எழுதுங்கோ. அடுத்த எபிசோட்டில போட்டுக் கேப்பம்.